பூனைக்குத் தாத்தாவின் பத்தியம் ஆகாது

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ உங்கள் வீடு இருந்தால், குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து பாருங்கள். எலுமிச்சம்பழத்துக்கும் தோசைமாவுக்கும் நடுவே ஒரு சிறிய அட்டைப்பெட்டி இருக்கக்கூடும். தாத்தாவின் இன்சுலின்! நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக, சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஒரு பேராய்வு 2023-ல் தெரிவித்தது. ஆகவே இந்த நோய் நம் வீடுகளுக்கு அந்நியமானதன்று. சாப்பாட்டுக்கு முன் ஊசி, சோற்றைக் குறைத்துக் கோதுமை, காலையில் விரல் நுனியில் ஒரு குத்து என்று எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பூனைக்கே நீரிழிவு வந்தால் என்ன ஆகும்? "நமக்குத் தெரியாத நோயா?" என்று வீட்டார் தாத்தாவின் முறையையே பூனைக்கும் நீட்டிவிடுவார்கள். அந்தத் தெரிந்த நினைப்புதான் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. பூனை, வால் முளைத்த சிறிய மனிதன் அன்று.

பூனைக்கும் நீரிழிவு வருமா என்று சிலர் கேட்கலாம். வரும். அதிலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அடைந்து கிடந்து, தின்று, தூங்கி, கொழுத்த நடுவயதுப் பூனைகளுக்கு அதிகம் வரும். ஓட்டுக்கூரை தாவித் திரியும் தெருப்பூனைக்கு அந்த வசதி இல்லை! நோய் கண்ட பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராது. அடிக்கடி சிறுநீர் கழிக்கும். நன்றாகத் தின்றும் இளைக்கும். சில பூனைகள் பின்னங்கால் குதிகால் தரையில் பட, தளர்ந்து நடக்கும். சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது நம் முன்னோர் அறிந்த சோதனை. ஆனால் மனிதரின் இரத்தத்தில் சர்க்கரை, டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினாலே சிறுநீரில் கசியத் தொடங்கும். பூனைக்கோ 250-ஐயும் தாண்ட வேண்டும். எனவே எறும்பு வரும்வரை காத்திருந்தால், நோய் வெகுதூரம் போயிருக்கும்.

இனி மருந்துக்கு வருவோம். கணையத்தில் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள குளுக்கோசைச் செல்களுக்குள் புகவிடும் ஹார்மோன் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நீரிழிவுக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு தெரிய வந்ததே ஒரு விலங்கால்தான். 1889-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது, அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் பிரித்தெடுத்த கணையச் சாறு முதலில் நாய்களையே காத்தது. 1922 ஜனவரியில்தான் அது மனிதனுக்கு வந்தது. அதை முதலில் பெற்ற லெனார்டு தாம்சனுக்கு வயது 14, ஏறக்குறைய உங்கள் வயது! பிறகு பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்து எடுத்த இன்சுலினையே மனிதர்கள் போட்டுக்கொண்டனர். பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் 1982-ல்தான் விற்பனைக்கு வந்தது.

இன்சுலின் மூலக்கூறு 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. பூனையின் மாலைக்கும் மாட்டின் மாலைக்கும் ஒரே ஒரு மணிதான் வேறுபாடு. பூனைக்கும் மனிதனுக்கும் நான்கு மணிகள். இதனால்தான் மனிதருக்காகச் செய்த இன்சுலின் பூனையின் உடலிலும் வேலை செய்கிறது. கால்நடை மருத்துவர்கள் பலர் கிளார்ஜின் என்ற மனித இன்சுலின் வகையையே பூனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். ஆக, மருந்து பொது. ஆனால் உணவும் அளவும் பொதுவல்ல. இங்கேதான் நம் வீடுகள் வழுக்கி விழுகின்றன.

உணவை எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு என்றதும் தாத்தாவுக்கு அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு, கோதுமை, ஓட்ஸ் என்று மாற்றுகிறோம். அதே கேழ்வரகுக் கூழைப் பூனைக்கு ஊற்றினால்? பூனை முழுமையான ஊனுண்ணி. அதன் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேசு நொதி இல்லை. உணவிலிருந்து வெள்ளமாக வரும் குளுக்கோசை நம் ஈரலில் மடக்கிப் பிடிக்கும் குளுக்கோகைனேசு என்ற நொதி, பூனையின் ஈரலில் மிகமிகக் குறைவு. தனக்கு வேண்டிய குளுக்கோசை அது புரதத்திலிருந்து, இரவும் பகலும் ஈரலில் தயாரித்துக்கொள்கிறது. அதனால் இனிப்பைச் சுவைக்கக்கூட அதற்குத் தெரியாது. இனிப்பு உணரிக்கு வேண்டிய மரபணுக்களில் ஒன்று பூனையினத்தில் பழுதுபட்டுக் கிடப்பதை 2005-ல் கண்டறிந்தார்கள். தயிர்சாதத்தை அது விரும்பித் தின்கிறதே என்பீர்கள். தயிருக்காகத் தின்கிறது; சாதம் உடன் போகிறது!

எனவே நீரிழிவுப் பூனைக்கு வேண்டியது புரதம் மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு. கடையில் விற்கும் மொறுமொறு உலர் உணவுகள் பலவற்றில் மாவுச்சத்து அதிகம். உருண்டையாகப் பிடிக்கவே அது தேவைப்படுகிறது. டப்பாவில் வரும் ஈர உணவுகளில் பொதுவாகக் குறைவு. பட்டினப்பாக்கம் மீனையோ கோழியையோ வேகவைத்துக் கொடுப்பதானால், முள்ளும் எலும்பும் நீக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் சேரவே கூடாது; அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெறும் இறைச்சியும் முழு உணவாகாது. சுண்ணாம்புச்சத்தும் டாரின் என்ற பொருளும் உடன் வேண்டும். டாரின் கொதிநீரில் கரைந்துவிடும் என்பதால், வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

சைவ வீடுகளில் இது ஒரு சங்கடம்தான். அவர்கள் தங்கள் நெறியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூனை தன் வயிற்றை அந்த வீட்டு நெறிக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியாது. டப்பா உணவைத் திறக்க அடுப்படி தேவையில்லை. பால்கனியில் தனித் தட்டும் தனிக் கரண்டியும் போதும். அதுவும் முடியாதென்றால், அதற்கு ஊட்ட முடிந்த வேறொரு வீட்டைத் தேடித் தருவதே நேர்மை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போட்டுவரும் பூனையின் உணவில் மாவுச்சத்தைத் திடீரென நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். பழைய உணவுக்குப் பொருத்தமாக இருந்த இன்சுலின், புதிய உணவுக்கு அதிகமாகிவிடும். உணவை மாற்றும்போதே மருத்துவர் இன்சுலின் அளவையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. தாத்தா ஒரு வேளைக்கு 20 யூனிட் போட்டுக்கொள்ளலாம். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு மருத்துவர் பெரும்பாலும் 1 யூனிட்டில், 12 மணிக்கு ஒரு தடவையாகத் தொடங்குவார். அது எவ்வளவு சிறியது தெரியுமா? நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரு வலிமைகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டது, 100 யூனிட் கொண்டது. சொட்டுக்குழாயின் ஒரு துளியை 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், முதல் வகையில் 1 யூனிட் என்பது அரைத்துளி. இரண்டாம் வகையில் துளியின் ஐந்தில் ஒரு பங்கு.

ஒவ்வொரு வலிமைக்கும் தனிச் சிரிஞ்சு உண்டு. 40-க்கு வழக்கமாகச் சிவப்பு மூடி. 100-க்கு ஆரஞ்சு மூடி. பூனையின் கிளார்ஜினோ 100 வகை. தாத்தாவின் மேசையிலோ சிவப்பு மூடிச் சிரிஞ்சு. அவசரத்தில் அதை எடுத்து, 2 என்ற கோடுவரை உறிஞ்சினால் என்ன ஆகும்? நீங்களே கணக்கிடுங்கள். 2-ஐ 40-ஆல் வகுத்தால் 0.05 மில்லிலிட்டர், அதில் 100 வகை இன்சுலின் 5 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு! பெரிய மனிதனே தடுமாறுவான் என்றால், பூனை என்ன ஆகும்? வீட்டில் நீரிழிவுப் பூனை இருந்தால், அதன் சிரிஞ்சுகளையும் குப்பியையும் வேறு டப்பாவில், பெயர் எழுதி வையுங்கள். தாத்தாவின் மாத்திரைகளையும் அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

இன்சுலின் அதிகமாகி இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தால், தாத்தா "மயக்கமாக வருகிறது, கொஞ்சம் சர்க்கரை கொடு" என்பார். பூனை சொல்லாது. தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், துவண்டு கிடக்கும், வலிப்பும் வரலாம். உடனே தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவ வேண்டும். நினைவிழந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தடவிய கையோடு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். நம் நகரில் வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருப்பதை எல்லோரும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இந்த விபத்து பெரும்பாலும் அறியாமையால் நேர்வதில்லை. ஆள் மிகுதியால் நேர்கிறது. அம்மா ஆறு மணிக்கு ஊசி போட்டிருப்பார். அது தெரியாமல் அண்ணன் ஏழு மணிக்கு மறுபடி போடுவான். ஒரு வேளை ஊசி தவறினால் பெரிய கேடில்லை. இருமுறை போட்டால் உயிருக்கே கேடு. குத்தும்போது மருந்து ரோமத்தில் வழிந்ததோ என்ற ஐயம் எழுந்தாலும் மறுபடி போடக் கூடாது என்பது இதனால்தான். பூனை தின்ன மறுத்தாலோ வாந்தியெடுத்தாலோ, வழக்கமான ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். தீபாவளி இரவு வெடிச்சத்தத்துக்குப் பயந்து கட்டிலடியில் ஒடுங்கிய பூனை, சாப்பாட்டைத் தொடாது. அந்த இரவுக்கு என்ன செய்வது என்று முன்பே கேட்டு வைக்க வேண்டும். ஏகாதசிப் பட்டினியும் அதற்கு ஆகாது. இரண்டு மூன்று நாள் தின்னாத பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து, அதுவே தனி நோயாகும்.

ஆகவே ஊசிக்குப் பொறுப்பாளி ஒருவர்தான் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அதோடு, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கட்டும். நேரம், தின்ற அளவு, இன்சுலின் அளவு, போட்டவர் கையெழுத்து: நான்கு கட்டங்கள் போதும். எழுதாமல் ஊசி இல்லை. இந்த வேலைக்கு வீட்டிலேயே தகுதியானவர் நீங்கள்தான். ஆய்வகக் குறிப்பேடு எழுதப் பழகியவர்கள் அல்லவா!

சர்க்கரை அளவிடுவதிலும் பூனை நம்மைப் போலன்று. அடையாற்றிலிருந்து வேப்பேரிக்கு ஆட்டோவில் கூடைக்குள் அலறியபடி வந்த பூனையின் இரத்தத்தில், பயத்தாலேயே சர்க்கரை ஏறிவிடும். நோயில்லாத பூனைக்கும் இப்படி ஏறும். அதனால்தான் மருத்துவர்கள் ஃபிரக்டோசமின் என்ற சோதனையையும் செய்கிறார்கள். அது கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும். வீட்டில் காதோரத்தில் ஊசி முனையால் குத்தி ஒரு துளி எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஆனால் மனிதருக்கான குளுக்கோமீட்டர், பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். அந்த எண்ணைக் கண்டு நீங்களாக அளவை மாற்றாமல், நோட்டில் எழுதுங்கள்.

நம் ஊரின் வெயிலையும் மின்வெட்டையும் மறக்கக் கூடாது. இன்சுலின் ஒரு புரதம். சூடு அதைக் கெடுக்கும், உறைந்தாலும் கெடும். 2 முதல் 8 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது கைகொடுப்பது மண்பானை. ஈர மணலில் பதித்த பானைக்குள், நீர் படாத டப்பாவில் குப்பியை வைக்கலாம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளே குளிர்கிறது. கடற்கரை நகரின் ஈரக்காற்றில் இந்தக் குளிர்ச்சி சற்றுக் குறைவுதான்; நல்லவேளை, மழைக்கால வெப்பமும் குறைவு.

ஒரு பூனைக்கு இத்தனை பாடா, பேசாமல் தெருவில் விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. வீட்டு மடியில் வளர்ந்த நோயாளியைத் தெருவில் விடுவது கொல்வதற்குச் சமம். அன்றியும் தாத்தாவின் ஊசிக்கும் இதற்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. தொடக்கத்திலேயே கண்டு, மாவுச்சத்தைக் குறைத்து, இன்சுலினும் ஒழுங்காகப் போட்டுவந்தால், சில பூனைகளின் கணையம் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் சுரக்கத் தொடங்கும். ஊசியே தேவைப்படாத நிலை வரும். எல்லாப் பூனைகளுக்கும் வராது. வந்த பூனைக்கும் நோய் திரும்பலாம். ஆனால் அந்த மாற்றம் வரும் நாளில் பழைய அளவையே கண்மூடிப் போட்டால், சர்க்கரை தாழ்ந்துவிடும். அதை முன்கூட்டிக் காட்டுவது நோட்டுப் புத்தகம்தான். தண்ணீர்க் கிண்ணம் காலியாக நேரமாகிறது, எடை கூடுகிறது, காலை அளவுகள் இறங்குகின்றன என்று அது வரிசையாகச் சொல்லும். எடை பார்க்கத் தனிக்கருவி வேண்டாம். ஞாயிறுதோறும் பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி நில்லுங்கள். பிறகு தனியாக நின்று, கழித்து எழுதுங்கள். அடுத்த முறை வேப்பேரிக்குப் போகும்போது, பூனைக் கூடையோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.