விறகுக்கு ஈரக் கழிவு: அளந்து பிடிக்கட்டும்

நேரடி கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு செல்லும் விவசாயி, ஈரப்பதத்தைக் கருவியால் அளப்பதைக் கண்ணால் பார்க்கிறார். அவரே சவுக்கையோ சீமைக் கருவேலத்தையோ விறகாக விற்கும்போது, எடை மேடையில் "ஈரமாக இருக்கிறது, இவ்வளவு கழிவு" என்றால் ஒப்புக்கொண்டு திரும்புகிறார். ஈரத்துக்குக் கழிவு கேட்பது தவறல்ல. அளக்காமல் கேட்பதுதான் தவறு.

வாங்குபவர் பக்கமும் நியாயம் உண்டு. எடையில் பாதி நீராக உள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 1,900 கிலோ கலோரி வெப்பமே தரும். ஈரம் 20 சதவிகிதமானால் சுமார் 3,400 கிலோ கலோரி கிடைக்கும்.

ஆனால் காய வைத்தால் எடை குறையும். 45 சதவிகித ஈரமுள்ள 1 டன் விறகு, 20 சதவிகிதத்துக்குக் காய்ந்தால் 688 கிலோதான் நிற்கும். பச்சை விறகு டன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த விறகுக்கு டன்னுக்கு 5,800 ரூபாய்க்கு மேல் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். இல்லையேல் வெட்டிய அன்றே எடை போட்டுவிடுவது நல்லது.

ஈரத்தை அளப்பது எளிது. அடுக்கின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து ஐந்தாறு கட்டைகளை எடுக்க வேண்டும். முனைகள் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு விரல் கனத்துக்கு வில்லை அறுத்து உடனே எடை போட வேண்டும். பிறகு 103 டிகிரி செல்சியஸில், எடை மேலும் குறையாத வரை உலர்த்த வேண்டும். இதற்கான உலர்த்தும் அடுப்பு மண் ஆய்வுக்கூடங்களில் உண்டு. 500 கிராம் வில்லைகள் 300 கிராமானால், போன நீர் 200 கிராம். ஈரம் 40 சதவிகிதம்.

ஊசி குத்திப் பார்க்கும் கைக்கருவியில் ஒரு சூட்சுமம் உண்டு. விறகு, மரத்துக்கான இக்கருவிகளில் பெரும்பாலானவை நீரின் எடையைக் காய்ந்த எடையால் வகுக்கும் கணக்கில் அமைந்தவை. அக்கணக்கில் மேற்சொன்ன 40 சதவிகிதம் 67 ஆகிவிடும்! கருவி 25 காட்டினால், மொத்த எடையில் ஈரம் 20 சதவிகிதமே. 30க்கு மேல் காட்டுவதை நம்ப இயலாது. கட்டையைப் பிளந்து, உட்புறத்தில் குத்திப் பார்ப்பதே முறை.

எனவே, எத்தனை சதவிகித ஈரத்துக்கு இந்த விலை, அது எந்தக் கணக்கு என்பதைப் பேரம் பேசும்போதே எழுதி வாங்குங்கள். மாதிரியை உங்கள் முன்னிலையில் எடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். ஊரார் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அளந்தே தீர வேண்டும்.