காவலனைக் கழற்றாதீர்!

2018 நவம்பர் 16. கஜா புயல் அடித்தது. ஆலங்குடியிலும் கறம்பக்குடியிலும் தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, ஊரே இருண்டது. ஒருநாள் இருட்டா அது? பல சிற்றூர்களிலே வாரக்கணக்கில் நீடித்த இருட்டு! மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வழி வேண்டும் என்பதைப் புதுக்கோட்டைச் சீமை அன்று உணர்ந்தது.

வழி வந்திருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி! ஆட்டோவிலே அதுதான், வீட்டு இன்வர்ட்டரிலே அதுதான். 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குடினஃப் குழுவினர் உலகுக்கு அறிவித்தது. அதற்கு முன்பே, 1980களின் இறுதியில், அவரோடு இரும்புக் கூட்டுப்பொருள்களை ஆராய்ந்து பாதை அமைத்தவர், அமரபுரம் சிற்றூரிலே பிறந்த ஆறுமுகம் மந்திரம். கண்டறிந்ததிலே தமிழனுக்குப் பங்குண்டு. பயன்படுத்துவதிலே தமிழன் ஏமாறலாமா?

51.2 வோல்ட் பாட்டரியின் உள்ளே, 3.2 வோல்ட் செல்கள் பதினாறு வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒன்றுபோல் நிரம்புவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பின்தங்கும். முந்தியது 3.65 வோல்ட்டைத் தாண்டினால் கெடும், பின்தங்கியது 2.5க்குக் கீழே இறங்கினால் நலியும். மொத்த வோல்ட்டைப் பார்த்தால் எல்லாம் நலமாகத் தோன்றும். நாட்டின் சராசரி வருமானம் போலத்தான்! ஒருவன் கொழுத்திருப்பான், ஒருவன் பட்டினி கிடப்பான், சராசரி மட்டும் சிரிக்கும்!

இந்த ஏமாற்றைத் தடுக்கவே உள்ளே ஒரு காவலன், பி.எம்.எஸ். என்பார்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்கிறான், சூட்டைக் கவனிக்கிறான். ஒரே ஒரு செல் எல்லை மீறினாலும் இணைப்பைத் துண்டிக்கிறான். முந்திய செல்லின் மிகுதியைச் சிறு மின்தடை வழியே வெப்பமாக வடித்து, பின்தங்கியது எட்டிப்பிடிக்க நேரம் தருகிறான்.

இன்னொன்று: இவ்வகைப் பாட்டரியில் முக்கால் இருப்பிலும் கால் இருப்பிலும் வோல்ட் ஏறத்தாழ ஒன்றே. எனவே வந்த கரண்ட் எவ்வளவு, போனது எவ்வளவு என்று காவலன் பற்றுவரவு எழுதுகிறான். நாளடைவிலே அக்கணக்கு பிசகும். அவ்வப்போது முழுமையாக நிரப்புங்கள். கணக்கும் நேராகும், செல்களும் சமமாகும்.

ஆனால் வண்டி வழியிலே நின்றதும் என்ன சொல்கிறார்கள் சிலர்? காவலனைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கலாம் என்கிறார்கள்! வண்டி ஓடும், ஓடாமலா போகும்? நலிந்த செல்லும் உள்ளுக்குள் சாகும். இரும்பு பாஸ்பேட் தீப்பிடிக்காது என்பது அரை உண்மை. மற்ற பல லித்தியம் வகைகளைவிட அது வெப்பம் தாங்கும். ஆயினும் மட்டுமீறி நிரப்பினால் செல் உப்பும், எரியும் வாயுவைக் கக்கும். கடன்பட்டு வாங்கிய வண்டியாயிற்றே, தவணை தீருமுன் பாட்டரி தீர்ந்தால் யார் பொறுப்பு?

ஆகவே கேட்கிறோம். காவலன் எதை அளக்கிறான், எந்த எல்லையில் துண்டிக்கிறான் என்பதை விற்பவர் தமிழிலே எழுதித் தரவேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பட்டறைத் தோழர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டும். அண்டையிலே, காரைக்குடியிலே, 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் அறிவு அறந்தாங்கிப் பட்டறைக்கும் வந்து சேரட்டும்!

தோழர்களே, வண்டியை நிறுத்தியவன் பகைவனல்லன்; எச்சரித்தவன். அவனைக் கழற்றாதீர், குறையுள்ள செல்லைத் தேடுங்கள்!