ஸ்டாண்டில் பேசித் தீர்க்க வேண்டியது

ஆப்பில் கார், ஆட்டோ, பைக் ஓட்டும் தோழர்களே! கமிஷனைக் குறை என்று கம்பெனி வாசலில் கூடியிருக்கிறோம். கட்டணத்துக்காக வண்டியை நிறுத்தியிருக்கிறோம். இந்த முறை அழைப்பது நமக்குள்ளேயே பேச வேண்டிய ஒன்றுக்காக. இனியும் தள்ளிப்போட முடியாது.

ராத்திரி பதினோரு மணிக்கு சென்னை ஓஎம்ஆரில் தனியாக ஏறும் பெண் என்ன செய்கிறார்? நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கிறார். கதவைச் சாத்தியதும் போனைக் காதில் வைத்து, "அண்ணா, சோழிங்கநல்லூர் தாண்டிட்டேன், வாசல்ல நில்லுங்க" என்கிறார். பல நேரம் அந்தப் பக்கம் அண்ணனே கிடையாது. நமக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசுகிறார். அதுவும் நமக்குத் தெரியும்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2014 டிசம்பர் 5 இரவு, டெல்லியில் ஊபர் காரில் வீடு திரும்பிய பெண்ணை ஓட்டுநரே பாலியல் வன்கொடுமை செய்தான். அவன்மேல் முன்பே வழக்குகள் இருந்தன; அவன் வைத்திருந்த போலீஸ் சான்றிதழ் போலி. மறுவருடம் ஆயுள் தண்டனை கிடைத்தது. நம் ஊரில், 2022 ஜூலையில், நாவலூரில் ஓடிபி சொல்வதில் கிளம்பிய வாய்த்தகராறு அடிதடியாகி, குடும்பத்தார் கண்ணெதிரே ஒரு பயணி இறந்தார். நாலு இலக்க எண்ணுக்கு ஓர் உயிர்!

"எவனோ ஒருத்தன் செஞ்சதுக்கு நாம என்ன பண்றது?" என்கிறோம். சரி, உள்கண்ணாடியைப் பின்சீட்டுக்குத் திருப்பி வைப்பவன் யார்? இறக்கிவிட்ட பிறகு பயணியின் நம்பருக்கு 'ஹாய்' அனுப்புபவன் யார்? "கேன்சல் பண்ணிட்டு நேரா காசு குடுங்க" என்று, போகும் வழி எங்குமே பதிவாகாமல் பார்த்துக்கொள்பவன் யார்? மச்சான் ஐடியில் ஓட்டுபவன் யார்? (லோன் கட்ட வழியில்லாதவர்தான் ஐடியை வாடகைக்கு விடுகிறார், தெரியும். ஆனாலும் ஆப்பில் ஒரு முகம், ஸ்டியரிங்கில் வேறு முகம் என்றால் யாரை நம்பி ஏறுவது?) ஸ்டாண்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். நம்மாளைக் காட்டிக் கொடுக்கலாமா என்று வாயை மூடிக்கொள்கிறோம். அதற்குப் பெயர் உடந்தை, தோழர்களே.

கம்பெனியை விட்டுவிடச் சொல்லவில்லை. போலீஸ் சரிபார்ப்பு, 24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறை, நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று ஒன்றிய அரசு 2020 நவம்பரிலேயே நெறிமுறை போட்டது. 2025 ஜூலையில் அதைப் புதுப்பிக்கவும் செய்தது. நடப்பில்? இன்சென்டிவைத் துரத்தி பதினாறு மணி நேரம் ஓட்டியவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஓர் ஆப்பில் பிளாக் ஆனவன் மறுவாரம் இன்னொரு ஆப்பில் ஓடுகிறான். தப்பே செய்யாதவரையோ ஒரு வார்த்தை கேட்காமல் பிளாக் செய்கிறார்கள். புகார் கொடுத்த பெண்ணுக்கும் ஒரு மெசேஜ், நமக்கும் ஒரு மெசேஜ். இரண்டையும் அனுப்புவது மெஷின்.

இந்த வாரமே ஒவ்வொரு ஸ்டாண்டிலும் உட்கார்ந்து பேசுங்கள். பெண் ஓட்டுநர் தோழர்கள் முதலில் பேசட்டும். வாடகை ஐடியில் ஓட்டுவது இன்றோடு நிற்கட்டும். குடித்துவிட்டு வருபவனிடம் சாவியைப் பிடுங்குங்கள். பயணியின் போட்டோவையோ நம்பரையோ குரூப்பில் போடுபவனை அந்த நிமிஷமே நீக்குங்கள். 112, 181 இரண்டையும் பின்சீட்டிலிருந்து தெரியும்படி ஒட்டுங்கள். பயணியிடம் கைவைத்தவன் சங்க அட்டையை நீட்டினால், அவனை ஜாமீனில் எடுக்க ஓடாதீர்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவரோடு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

கம்பெனிகளிடம் நாம் கேட்பது: பயணியையும் ஓட்டுநரையும் நேரில் உட்கார வைத்து விசாரிக்க ஊருக்கு ஓர் அலுவலகம், ராத்திரியிலும் மனிதர் எடுக்கும் போன், குற்றம் உறுதியானவன் எந்த ஆப்பிலும் திரும்ப ஏறாதபடி ஒரு வழி. கோரிக்கைத் தாள் உங்கள் ஸ்டாண்டுக்கு வரும். படித்துப் பார்த்து, பேட்ஜ் நம்பரோடு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்!