யார் கையை யார் பிடிப்பது?

‘கிரவுண்டுக்குள்ள சாதி கிடையாது’ என்பது நம் பி.டி. சார்களின் வழக்கமான வசனம். வத்தலக்குண்டு வட்டாரத்தில் கபடிக்குப் பையன்களைத் தயார்செய்கிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள்; நம்பித்தான் சொல்வார்கள். ஆனால், விசில் ஊதியதும் சாதி வெளியே போய் நின்றுகொள்வதில்லை. பயிற்சியாளரின் சில சில்லறை முடிவுகள்தான் அதை வெளியேற்றும், அல்லது உள்ளே உட்காரவைக்கும்.

ரெய்டர் உள்ளே வரும்போது தடுக்கிறவர்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நிற்பார்கள். ஒருவன் கணுக்காலைப் பிடித்த நொடியில் ஜோடிக்காரன் மேலே விழுந்து அமுக்காவிட்டால், ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவான். யார் கையை யார் பிடிப்பது என்று தீர்மானிப்பவர் சார். ஒரே தெருப் பையன்களை ஜோடி போட்டால் பிடி சீக்கிரம் கூடிவரும். குறுவட்டப் போட்டிக்கு அது போதும். ஊர்ப் பையனையும் காலனிப் பையனையும் கோத்துவிட்டால் முதலில் சொதப்பும். அந்தச் சொதப்பலைப் பொறுத்துக்கொள்கிறவரா என்பதில்தான் அவருடைய தலைமை தெரியும்.

இதே சிக்கல் அமெரிக்காவில் நிறத்தின் பெயரால் வந்தது. அலெக்சாண்ட்ரியா நகரில் 1971இல், கறுப்பு, வெள்ளை மாணவர்கள் கலக்கும்படி மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளை டி.சி. வில்லியம்ஸ் பள்ளியில் ஒன்றாக்கினார்கள். அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கறுப்பரான ஹெர்மன் பூன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கெட்டிஸ்பர்க் பயிற்சி முகாமுக்குக் கிளம்பும்போது, தாக்கும் ஆட்டக்காரர்கள் ஒரு பஸ், தடுப்பவர்கள் இன்னொரு பஸ் என்று பிரித்து ஏற்றினார். நிறத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதைவிட இது கெட்டிக்காரத்தனம். அந்த ஆண்டு 13 ஆட்டங்களிலும் வெற்றி; மாநிலப் பட்டமும் கிடைத்தது. 2000இல் டென்சல் வாஷிங்டன் நடித்துப் படமாகவும் வந்தது.

அந்தப் படம் தொடாத பின்கதை ஒன்று உண்டு. மாணவர்களை வதைக்கிறார் என்ற புகார்களுக்கிடையே 1979இல் பூன் பதவியிழந்தார். நெருக்கடியில் கைகொடுத்த கண்டிப்பு, சாதாரண நாளில் எடுபடவில்லை. பிரம்பெடுத்த டிரில் வாத்தியாரை இன்றும் மெச்சுகிற நமக்கு இது உறைக்க வேண்டும். என் கணக்கில் அந்த அணியின் பெரிய மனிதர், பூனைவிட அனுபவம் இருந்தும் அவருக்குக் கீழே வேலைபார்க்க ஒப்புக்கொண்ட வெள்ளையர் பில் யோஸ்ட்தான்.

நம் பள்ளிகளுக்கு வருவோம். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியது உடன் படித்த பையன்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டத் தடை, அகர வரிசையில் இருக்கை என்றெல்லாம் 2024இல் பரிந்துரைத்தது. வகுப்பறைக்கு அது சரி. அணியில் இடங்களை அகர வரிசையில் நிரப்ப முடியாதே!

கேப்டன் பதவியில்தான் சிக்கல் முற்றும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பல்வாங்கர் பாலு, அந்நாளின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர். மதவாரியாக அணி பிரித்து ஆடிய அந்நாள் கிரிக்கெட்டில், இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டனாக்கவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது வாய்த்தது. நம் ஊர்க் கபடியில் கதை ஜெர்சியில் தொடங்கும். ஜெர்சி வாங்கிக் கொடுத்த ஊர்ப் பெரியவர், ‘நம்ம அண்ணன் மகனைக் கேப்டனாப் போடுங்க’ என்பார். சாரும் அவர் சாதியாகவே இருந்துவிட்டால் மறுப்பது லேசல்ல. யோஸ்ட் செய்தது போன்ற விட்டுக்கொடுத்தல் அங்கேதான் தேவைப்படும். அதை சார் ஒருவர் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. கேப்டனைச் சாரே தேர்ந்தெடுக்கட்டும், தலைமை ஆசிரியர் அதற்குத் துணை நிற்கட்டும். ஜெர்சிக்கான பணத்தையும் பள்ளியே கொடுத்துவிட்டால், பெரியவர் அந்தப் பேச்சை எடுக்க இடமே இருக்காது.