முன்னே மாதிரி இல்லை!

காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "முன்னே மாதிரி இல்லை" என்று வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைக்கிறார். என்ன அர்த்தம்? பால் தண்ணீராகிவிட்டதா, டிகாக்ஷன் இறங்கவில்லையா, அல்லது உங்கள் கைப்பக்குவமே போய்விட்டதா? அவர் சொல்லமாட்டார். நீங்களும் கேட்கமாட்டீர்கள். முகத்தைப் பார்த்தே மீதியைத் தெரிந்துகொண்டு, மறுநாள் பால்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்.

தமிழில் இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளையே ஓட்டிவிடலாம். ஆனால் இங்கிலீஷில் இந்தப் பருப்பு வேகாது. 'முன்னே மாதிரி இல்லை என்றால் எப்படி இல்லை? குறைந்ததா, அடியோடு நின்றதா? எந்த முன்னே?' என்று அந்தப் பாஷை குறுக்கு விசாரணை செய்யும். விசாரணைக்குச் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 கோடையில் மரக்காணத்தில் பார்த்தேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்காமல் போக முடியாது. பாத்தி பாத்தியாக வானம் கீழே இறங்கிக் கிடக்கும். கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அந்த அளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்குப் பேச்சு அவர் வாயில் வந்தது அந்த மூன்று வார்த்தைதான்.

"எங்க பாட்டன் காலத்துல இந்தக் கால்வாயில தோணி தோணியா உப்பு மெட்ராசுக்குப் போகுமாம். இப்ப முன்ன மாரி இல்லம்மா."

"புயலுக்கு அப்புறம் வேலையும் முன்ன மாரி இல்ல."

"முட்டி வலி. என் ஒடம்பும் முன்ன மாரி இல்ல."

அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கையில் ஒரு விண்ணப்பத் தாளோடு வந்தாள். படிப்புக்கு உதவித் தொகை கேட்டு ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு எழுத வேண்டும். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். கேள்வி இதுதான்: உங்கள் குடும்பத்தின் நிலை முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது?

"அக்கா, சரியா இருக்கான்னு பாருங்க" என்று நீட்டினாள். அவள் எழுதியிருந்த முதல் வாக்கியம்: 'மை மதர் இஸ் யூஸ்ட் டு வொர்க் இன் த சால்ட் பேன் ட்வென்டி ஃபைவ் டேஸ் எ மந்த்.'

அவள் சொல்ல நினைத்தது, 'அம்மாவுக்கு முன்பெல்லாம் மாதம் இருபத்தைந்து நாள் வேலை இருந்தது. இப்போது இல்லை' என்பது. தாளில் இருந்ததோ, 'மாதம் இருபத்தைந்து நாள் உப்பளத்து வேலை என் அம்மாவுக்குப் பழகிப்போய்விட்டது' என்பது. படிக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? 'பேஷ், மாதம் பூராவும் வேலை இருக்கிறது; பழகியும் விட்டது. இவர்களுக்கு உதவி எதற்கு?' என்று தாளை ஒதுக்கி வைத்துவிடுவார்.

தப்பெல்லாம் 'இஸ்' என்ற ஒரே ஒரு குட்டி வார்த்தையில். உப்பைப் போலத்தான், ஒரு கல் கூடினாலும் சமையல் கெட்டது.

இந்த 'யூஸ்ட் டு' நம்மில் பலரைக் கவிழ்க்கிற ஆசாமி. முன்னால் 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' எதுவும் இல்லாமல் தனியாக வந்து, பின்னால் வெறும் வினைச்சொல் நின்றால், 'முன்பு வழக்கம், இப்போது இல்லை' என்று பொருள். 'ஷீ யூஸ்ட் டு வொர்க்' – வேலை செய்துகொண்டிருந்தாள். அது பழைய கதை. முன்னால் 'இஸ்' சேர்ந்தால் 'பழகிவிட்டது'. 'ஷீ இஸ் யூஸ்ட் டு த ஸன்' – வெயில் அவளுக்குப் பழக்கம். பின்னால் வினை வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும்: 'ஷீ இஸ் யூஸ்ட் டு வொர்க்கிங் இன் த ஸன்.' காதுக்கு இரண்டும் ஒன்று போலக் கேட்கும். கருத்தோ கிழக்கும் மேற்கும்.

அந்த அம்மாள் சொன்ன மூன்று 'முன்ன மாரி இல்ல'யையும் திண்ணையிலேயே பிரித்துப் பார்த்தோம்.

முதலாவது, தோணி. அது பக்கிங்ஹாம் கால்வாய். 1806-இல் சென்னைப் பக்கம் வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் பசித்த ஜனங்களின் உழைப்பால் இணைக்கப்பட்டு, அப்போதைய கவர்னரின் பெயரைப் பெற்றது. ஆந்திரக் கரையிலிருந்து வந்து மரக்காணத்தில் முடிகிறது. அதில் உப்புத் தோணி போவது குறையவில்லை, நின்றே போயிற்று. அடியோடு நின்றதற்கு 'நோ லாங்கர்': 'போட்ஸ் நோ லாங்கர் கேரி சால்ட்.' அல்லது வாக்கியத்தின் கடைசியில் 'எனி மோர்': 'போட்ஸ் டோன்ட் கேரி சால்ட் எனி மோர்.' இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு இரட்டைப் பூட்டுப் பூட்டாதீர்கள்.

இரண்டாவது, வேலை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. உப்பளங்கள் வெள்ளத்தில் முழுகின. தை பிறந்ததும் பாத்தி திருத்த வேண்டியவர்கள் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். வேலை நிற்கவில்லை, குறைந்தது. இதற்கு 'லெஸ் தேன் பிஃபோர்': 'தேர் இஸ் லெஸ் வொர்க் தேன் பிஃபோர்.' இங்கே 'நோ லாங்கர்' போட்டால் பொய்யாகிவிடும். அதிகாரி விசாரிக்க வந்து, அம்மாள் உப்பளத்தில் நிற்பதைப் பார்த்தால் மானம் போய்விடும்.

மூன்றாவது, உடம்பு. 'நாட் அஸ் ஸ்ட்ராங் அஸ் ஷீ யூஸ்ட் டு பி' – முன்பு இருந்த பலம் இல்லை. உப்புக் கூடையை இப்போது அவர் தலையில் தூக்குவதில்லை. மூட்டைக்கு உப்பு அள்ளிப் போடுகிற வேலைதான். அதற்குக் கூலியும் குறைவு.

இன்னும் ஒன்று பாக்கி. 'பிஃபோர்' என்று மொட்டையாக விட்டால், 'எதற்கு முன்?' என்று கேள்வி எழும். பாட்டன் காலத்துக்கா, புயலுக்கா, முட்டி வலிக்கா? எதை விடக் குறைவு என்று எதிரே ஒரு தராசுத் தட்டு வைத்தால்தான் எடை தெரியும்.

மாறாமல் இருப்பதற்கும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு: 'ஸ்டில்'. சங்ககாலத்துச் சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அந்தப் பாட்டில் உப்பு வணிகரான உமணரும் வருகிறார்கள். இன்றும் இங்கே உப்பு விளைகிறது: 'பீப்பிள் ஸ்டில் மேக் சால்ட் ஹியர்.' பக்கத்துக் கழுவேலி ஏரிக்கு இன்னும் பறவைகள் வருகின்றன. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆகவே 'பெட்டர் நோன் தேன் பிஃபோர்' – முன்பைவிடப் பெயர் பெற்றது. ('மோர் பெட்டர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'பெட்டர்' ஒன்றே போதும்.)

இதெல்லாம் பேசி முடித்ததும் பெண் எழுத உட்கார்ந்தாள். அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பாவம், பரிதாபம்னு எழுதாத. உள்ளத எழுது."

அவள் எழுதினாள்: 'பிஃபோர் த ஸைக்ளோன் ஆஃப் 2024, மை மதர் யூஸ்ட் டு வொர்க் ட்வென்டி ஃபைவ் டேஸ் எ மந்த். நௌ ஷீ கெட்ஸ் ஒன்லி ஃபிஃப்டீன். ஷீ நோ லாங்கர் கேரீஸ் லோட்ஸ், ஸோ ஹர் வேஜஸ் ஆர் லோயர் தேன் தே வேர் பிஃபோர். ஷீ ஸ்டில் பேஸ் மை ஃபீஸ்.'

புயலுக்கு முன் மாதம் இருபத்தைந்து நாள் வேலை. இப்போது பதினைந்தே நாள். சுமை தூக்குவதில்லை, அதனால் கூலி முன்பைவிடக் குறைவு. ஆனாலும் என் ஃபீஸை இன்னும் அம்மாதான் கட்டுகிறாள்.

இதைத் தமிழில் படித்துக் காட்டியபோது அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இத நீ எங்கிட்ட சொன்னதே இல்லியே" என்றார் மகளிடம்.

நாளைக் காலை உங்கள் வீட்டில், "காபி முன்னே மாதிரி இல்லை" என்று யாராவது டம்ளரைக் கீழே வைத்தால் விடாதீர்கள். "எந்த முன்னே? குறைந்ததா, நின்றதா?" என்று கேளுங்கள். பால்காரராவது தப்பிப்பார்!