இரண்டு வாளித் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை எவர்சில்வர் சிங்க்கில் ஒரே பழுப்புக் கறை. தண்ணீர் இறங்கும் ஓட்டையைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடிக் குழிகள். பொறியியல் இரண்டாமாண்டு படிக்கும் அக்கா மகன் வீட்டிலேயே பி.சி.பி. என்னும் மின்சுற்றுப் பலகை போடுகிறான். மிச்சத் திராவகத்தை என்னடா செய்கிறாய் என்று கேட்டேன். “கொஞ்சூண்டுதானே மாமா, சிங்க்ல ஊத்தி ரெண்டு வாளி தண்ணி விட்டுடுவேன்.”

வீட்டில் பி.சி.பி. போடுகிறவர்கள் பலரும் வேதவாக்காக நம்புவது இதைத்தான். பச்சைப் பொய்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் ஃபெர்ரிக் குளோரைடு செம்பைத் தின்னும். அதற்காகத்தானே வாங்குகிறோம்! தின்ற செம்பு மாயமாகவா போகும்? கரைசலுக்குள்ளேயேதான் கிடக்கும். பலகையின் மேல் 35 மைக்ரான் கனத்துக்குச் செம்பு இருக்கிறது. 10க்கு 15 செ.மீ. பலகையில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தால் சுமார் 3 கிராம். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் செம்புக்கு மேல் அனுமதிப்பதில்லை. இந்த 3 கிராமை அந்த அளவுக்கு நீர்க்க வைக்கவே 2,000 லிட்டர் வேண்டும். இவன் விட்டது 30 லிட்டர்.

செம்பு என்ன செய்யும் என்று தெரியாதவர்கள் மயில்துத்தத்தை நினைத்துப் பாருங்கள். தொட்டியில் பாசியைக் கொல்ல அதைத்தான் போடுகிறார்கள். திராட்சைக் கொடிக்குச் சுண்ணாம்போடு கலந்து தெளிப்பதும் அதைத்தான். அதில் வேலை செய்வது செம்பு. மீன் வளர்க்கும் குளத்தில் அளவு தப்பினால் மீன் செத்து மிதக்கும். அக்கா மகன் ஒரு பலகைக்கு ஊற்றியது ஏறக்குறைய 12 கிராம் மயில்துத்தத்துக்குச் சமம். மயில்துத்தத்தைக் கரைத்து, அரிசி கழுவும் இடத்தில் ஊற்ற எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?

‘ஃபெர்ரிக் குளோரைடைக் குடிநீர்ச் சுத்திகரிப்பிலேயே சேர்க்கிறார்களே’ என்று படித்தவர் ஒருவர் என்னிடம் வாதாடினார். சேர்க்கிறார்கள், செம்பை இன்னும் தின்னாத ஃபெர்ரிக் குளோரைடை. நீங்கள் ஊற்றுவது மயில்துத்தத்தின் உடன்பிறப்பு ஐயா!

குழாய்க்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். உலோகக் கலவைகளில் குழி விழுமா என்று சோதிக்கும் முறைகளில் ஒன்று, ஃபெர்ரிக் குளோரைடில் ஊறவைத்துப் பார்ப்பது. அக்கா வீட்டுச் சிங்க் அந்தச் சோதனையில் தோற்றுவிட்டது.

பாகங்களைப் பலகையில் பற்றவைக்கும் சால்டரின் கதை இன்னும் மோசம். ‘ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, ஈயம் என்ன செய்யும்?’ என்கிறார்கள். ரசத்துக்கு வைப்பது வெள்ளீயம். 60/40 சால்டரில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம், நரம்பைத் தின்னும் விஷம். அந்தத் துணுக்குகளைக் கூட்டிக் காய்கறித் தோலோடு போடுகிறார்கள். உப்பிய லித்தியம் செல்லையும் அதே கூடையில். அது நசுங்கித் தீப்பிடித்தால் பக்கத்தில் நிற்பது தூய்மைப் பணியாளர். சாக்கடை அடைப்பை எடுக்க வருகிறவரும் நம் மனிதர்தான். அவர் கை படுகிற இடத்தில் செம்புக் கரைசலை ஊற்ற எப்படி மனம் வருகிறது?

பையனை மட்டும் திட்டி என்ன பயன்? அவனுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். செம்பை அரிக்கும் செய்முறை இரண்டு பக்கம். மிச்சத்தை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. மதிப்பெண் மட்டும் பத்துக்குப் பத்து.

அன்றே மொட்டை மாடியில் பிளாஸ்டிக் வாளி வைத்து, கையுறையும் கண்ணாடியும் போடவைத்து, மிச்சமிருந்த கரைசலில் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னேன். புஸ்ஸென்று பொங்கியது. நுரை அடங்கியதும் சேறு அடியில் தங்கியது. அந்தச் சேற்றில்தான் செம்பு இருக்கிறது. துணியில் வடிகட்டிக் காயவைத்து ஜாடியில் மூடினோம்.

வீட்டு அபாயக் கழிவுகளுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லின. மறுநாள் ஜாடியோடு வார்டு அலுவலகத்துக்குப் போனோம். மேஜையில் இருந்தவர் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கொஞ்சம்தானே சார், கால்வாயில கொட்டிடுங்க” என்றார்.