லேடி ஓஸ்கார்: இறந்த பகுதியா, மறுத்த பகுதியா?

ஜூலை 14 நெருங்கினால் எனக்கும் பாரீஸ் பக்கம் இருக்கும் என் பேத்திக்கும் தொலைபேசியில் ஒரு வழக்கு ஆரம்பித்துவிடும். 'லேடி ஓஸ்கார்' என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் எது சிறந்த பகுதி? 39 என்கிறாள் அவள். 1986இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்து வளர்ந்த என் மருமகளும் மகள் பக்கமே. நான் இல்லை என்கிறேன்.

கார்ட்டூன்தானே என்று சிரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ரியோகோ இகேதா என்ற பெண்மணி ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய மரி அந்த்வானெத் வரலாற்றைப் படித்துவிட்டு 1972இல் படக்கதையாக எழுதத் தொடங்கியது இது. 1979இல் தொலைக்காட்சித் தொடரானது. மொத்தம் 40 பகுதிகள். பள்ளியில் 1789ஐ மனப்பாடம் செய்த பிறகே 1947ஐக் கேள்விப்பட்ட எங்கள் வகுப்புக்காரர்கள்கூட இதில் கற்க விஷயம் உண்டு.

ஓஸ்கார் ஒரு தளபதியின் கடைசிப் பெண். ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு அப்பன் அவளை ஆணாக வளர்த்து வாள் கொடுக்கிறான். ராணியின் மெய்க்காவல் படைக்குத் தலைவியாகிறாள். பிறகு தானே கேட்டுக்கொண்டு பிரெஞ்சுக் காவற்படைக்கு மாறுகிறாள். 39ஆம் பகுதியில் பஸ்தீய் கோட்டை முன் பீரங்கிகளை நடத்தி, குண்டடிபட்டுச் சாகிறாள். அழாதவன் கல். நானும் அழுதேன்.

ஆனால் அழ வைத்தால் அது சிறந்த பகுதியாகிவிடுமா? கதாநாயகி கண்ணை மூடினால்தான் நமக்குத் திருப்தி. இது பழைய வியாதி. பஸ்தீய் அன்று ஓஸ்காருக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை. ஆந்த்ரே முந்தின நாளே போய்விட்டான். காசநோய் வேறு. ஊரே தெருவில் நிற்கிறது. அந்த நிலையில் வாளை உயர்த்த யாருக்கும் கை வரும்.

என் ஓட்டு அதற்குச் சில பகுதிகள் முன்னால். 1789 ஜூன். மூன்றாம் வகுப்புப் பிரதிநிதிகளை மண்டபத்திலிருந்து துப்பாக்கிமுனையில் வெளியேற்று என்று மேலதிகாரி உத்தரவிடுகிறார். ஓஸ்கார் முடியாது என்கிறாள். அவளைக் காவலில் வைக்கிறார்கள். அவள் சிப்பாய்கள் பன்னிரண்டு பேரும் மறுக்க, அவர்களுக்கு மரண தண்டனை. அந்த வேலைக்கு அனுப்பப்படுவது யார்? அவளுடைய பழைய மெய்க்காவல் படையேதான்! ஓடிவந்து அவர்கள் எதிரில் நின்று, முதலில் என்னைச் சுடு என்கிறாள். பழைய சகா தலை குனிந்து திரும்பிப் போகிறான். வீட்டுக்கு வந்தால் பெற்ற அப்பனே வாளோடு நிற்கிறான், குலத் துரோகி என்று. ஒரு நாளில் உத்தியோகம், பட்டம், அப்பன் மூன்றையும் பணயம் வைத்திருக்கிறாள். இதில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. சண்டைத் தொடரில் சண்டை நடக்காத காட்சிதான் உச்சம் என்பது என் கட்சி.

இது வெறும் கற்பனையும் அல்ல. கீழ்ப்படியாததற்காக அபேயி சிறையில் அடைபட்ட காவற்படைச் சிப்பாய்களைப் பாரீஸ் ஜனங்கள் 1789 ஜூன் 30 அன்று நிஜமாகவே மீட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தக் காவற்படையினர்தான் பஸ்தீய்க்குப் பீரங்கி கொண்டு போனார்கள். கோட்டைக்குள் இருந்த கைதிகளோ ஏழே பேர். விளக்கு ஊர்வலம் நடத்துகிற நம் ஊரில் 14 எல்லோருக்கும் தெரியும்; 30 யாருக்கும் தெரியாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று பேத்தி கேட்டாள். சொன்னேன். பல வருடங்களுக்கு முன் குடிசைகளை அப்புறப்படுத்தும் பட்டியல் ஒன்று என் மேசைக்கு வந்தது. அதில் பதினோரு குடும்பங்களுக்குப் பட்டா இருந்தது எனக்குத் தெரியும், கோப்பிலேயே இருந்தது. மேலதிகாரி, "குறிப்பெல்லாம் வேண்டாம், சுருக்கெழுத்து போட்டு அனுப்பும்" என்றார். போட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "முடியாதுன்னு சொல்லியிருந்தா உங்களை என்ன செஞ்சிருப்பாங்க தாத்தா?" என்றாள்.

"ஏனாமுக்கு மாத்தியிருப்பாங்க கண்ணு."